செய்தி வந்தது, ஆனா எங்க போறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்ததிலிருந்து நமக்கு வருகிற வாய்ஸ் மெசேஜில் பாதி மழையைப் பற்றித்தான். அதில் ஒன்று ரெண்டு நாளாக என்னை விடவே இல்லை. பெருங்குடியிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. "அக்கா, புயல் வருதுன்னு மூணு நாள் முன்னாடியே போன்ல வந்துடுது. எங்க கரையைக் கடக்கும்னு மேப் போட்டுக் காட்டுறாங்க. எல்லாருக்கும்தான் தெரியுது. அப்புறமும் ஏன் ஆளுங்க சாகுறாங்க?"

நல்ல கேள்வி. டிவி விவாதத்தில் இதற்கு ரெடியாக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "மக்களோட அலட்சியம்." எனக்கு அந்தப் பதில் பிடிக்கிறதே இல்லை. அது ஏன் தப்பு என்பதற்கான ஆதாரம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நம்ம வங்கக் கடல் ஓரத்திலேயே கிடக்கிறது. அதனால் இன்றைக்கு முதலில் வங்கதேசம் போகிறோம், அப்படியே ஒடிசா வழியாக இறங்கி, கடைசியில் சென்னைக்கு வந்துடலாம்.

அதற்கு முன்னாடி ரெண்டு வார்த்தையைப் பிரித்து வைத்துக்கொள்வோம். இடர், பேரிடர். புயல், கனமழை, நிலநடுக்கம், சுனாமி இதெல்லாம் இடர். நடுக்கடலில் ஒரு புயல் உருவாகி, யாரையும் தொடாமல் அங்கேயே செத்துப்போனால் அது வானிலைச் செய்தி, அவ்வளவுதான். அது ஆட்கள் இருக்கிற இடத்துக்கு வந்து, அவர்களால் தாங்க முடியாமல் போகும்போதுதான் பேரிடர். அந்த 'பேர்' எங்கே வந்து ஒட்டுகிறது என்பதுதான் விஷயமே.

சட்டென்று புரிய ஒரு உதாரணம். 2010 ஜனவரி 12, ஹைட்டியில் நிலநடுக்கம், அளவு 7.0. அடுத்த மாசம் பிப்ரவரி 27, சிலியில் நிலநடுக்கம், அளவு 8.8. நிலநடுக்க அளவில் ஒரு எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால் சிலியில் வெளிப்பட்டது ஹைட்டியைவிடச் சுமார் 500 மடங்கு. ஆனால் சிலியில் இறந்தவர்கள் ஐந்நூறு சொச்சம். ஹைட்டியில் மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று ரொம்ப வேறுபடுகின்றன, சில மதிப்பீடுகள் மூன்று லட்சம் வரை போகின்றன. ஹைட்டியில் அது தலைநகருக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது, அதுவும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் சிலி 1960லேயே 9.5 அளவு நிலநடுக்கத்தைப் பார்த்த நாடு. இதுவரை கருவியில் பதிவானதிலேயே பெரியது அதுதான். அதற்கப்புறம் அங்கே கட்டட விதியை இறுக்கினார்கள், இறுக்கியதைக் கட்டடத்திலும் காட்டினார்கள். ஹைட்டி மக்களைக் கொன்றது பெரும்பாலும் அவர்கள் தலைமேல் இருந்த கான்கிரீட்.

சரி, இப்போ வங்கக் கடல்.

1970 நவம்பர் 12 ராத்திரி. இன்றைய வங்கதேசம் அன்றைக்குக் கிழக்குப் பாகிஸ்தான். போலா என்ற பெரிய தீவையும் அதைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்ன மணல் தீவுகளையும் ஒரு புயல் தாக்கியது. அந்த நிலத்தைக் கொஞ்சம் மனசில் கொண்டு வாங்க. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். மேடு என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஓரிரு ஆள் உயரம்கூட இருக்காது. புயல் வந்த நேரம் கடலில் ஏற்றம் வேறு. தண்ணீர் சில இடங்களில் 20 அடிக்கு மேல் எழும்பி வந்தது. இறந்தவர்கள் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். தஜுமுதீன் என்ற ஒரே ஒரு வட்டாரத்தில் மட்டும் மொத்த மக்களில் 45 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டார்கள். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எண்ணிப் பாருங்க, ரெண்டு பேருக்கு ஒருத்தர்.

இனிமேல்தான் நம்ம கேள்விக்கான இடம் வருகிறது. புயலுக்கு அப்புறம் போய்க் கேட்டறிந்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். புயல் வருகிறது என்று சுமார் 90 சதவீதம் பேருக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள், வாய் வழியாகக் கேட்டிருக்கிறார்கள். உறுதியான கட்டடத்துக்குள் போய் ஒதுங்கியவர்கள்? சுமார் 1 சதவீதம்.

90, 1. இந்த ரெண்டு எண்ணை மட்டும் இந்த எபிசோடிலிருந்து எடுத்துக்கொண்டு போனால்கூட எனக்குப் போதும்.

நடுவில் இருக்கிற அந்த 89 பேரும் அலட்சியமா? எங்கே போவார்கள் சொல்லுங்க. தீவில் பெரும்பாலான இடங்களில் கல் கட்டடமே இல்லை. பக்கத்து ஊருக்குப் போகப் படகு வேண்டும், காற்று ஏறியப்புறம் படகு எடுக்க முடியாது. வீட்டில் ரெண்டு மாடு நிற்கிறது. அந்த மாடுதான் வருமானம், அதுதான் கடனுக்கு அடமானம், அதுதான் மகள் கல்யாணம். அதைக் கட்டிப்போட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? அதோடு ரேடியோவில் வருவது ஒரு எச்சரிக்கை எண். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், வீட்டைவிட்டு ஓடணுமா, கூரையை இழுத்துக் கட்டினால் போதுமா, இதைச் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிடறேன். நிவாரணம் வருவதற்கு ஆன தாமதம் அந்த மக்களிடம் எழுப்பிய கோபம் அடுத்த மாசமே நடந்த தேர்தலில் தெரிந்தது. அடுத்த வருஷம் அங்கே ஒரு புது நாடு பிறந்தது. அதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு, இந்தப் புயலும் அதில் ஒன்று என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அது தனி எபிசோடு.

புது நாடு என்ன செய்தது? 1972ல் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கையில் காசு கிடையாது, சாட்டிலைட்டா கிடையாது. அதனால் ஆட்களில் ஆரம்பித்தார்கள். கடலோரக் கிராமங்களிலிருந்து சுமார் 20,000 தன்னார்வலர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மெகாபோன், ஒரு ரேடியோ, கையால் சுற்றும் சைரன், கொஞ்சம் கொடிகள். புயல் நெருங்க நெருங்கக் கம்பத்தில் கொடியின் எண்ணிக்கை கூடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், ரேடியோ இல்லாதவருக்கும் தெரியும். முக்கியமானது என்னவென்றால், மெகாபோன் பிடித்துக்கொண்டு கத்துகிறவர் வெளியூர் அதிகாரி கிடையாது. நேற்று டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாசக் கர்ப்பிணி இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

மாட்டுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மண்ணைக் கொட்டி உயரமான மேடுகள் போட்டார்கள். 'கில்லா' என்பார்கள், கோட்டை என்று அர்த்தம். மாட்டை மேட்டில் ஏற்றிவிட்டு மனுஷன் கிளம்பலாம். எனக்கு இந்தத் திட்டத்திலேயே ரொம்பப் பிடித்தது இந்த மண் மேடுதான். "ஏன் கிளம்ப மாட்டேங்கிறாங்க" என்று யாரோ ஒருத்தர் உண்மையாகவே கேட்டு, வந்த பதிலை உண்மையாகவே நம்பியிருக்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 1991 ஏப்ரல் 29ல் மறுபடியும் ஒரு பெரும் புயல் சிட்டகாங் பக்கம் வந்தது. சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். 1970ஐவிடக் குறைவுதான், ஆனாலும் அது ஒரு நகரத்தின் மக்கள்தொகை. அப்போது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. 20 வயதிலிருந்து 44 வயதுக்குள் இருந்தவர்களில், ஆண்களைவிடப் பெண்கள் நான்கு மடங்குக்கும் மேலாக இறந்திருந்தார்கள்.

தண்ணீருக்கு ஆண், பெண் தெரியுமா? தெரியாது. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார், அவர் வந்து சொல்லாமல் எப்படிக் கிளம்புவது என்று காத்திருந்தவர்கள் நிறையப் பேர். கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை. கட்டியிருக்கிற சேலை தண்ணீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். நீச்சல் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதோடு அந்தப் புயல் பாதுகாப்பு மையம் ஒரே பெரிய கூடம், முன்பின் தெரியாத ஆம்பளைங்களோடு ராத்திரி முழுக்க நிற்கணும், தனிக் கழிப்பறை கிடையாது. "அங்க போறதுக்கு வீட்லயே இருந்துடலாம்" என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அதை அலட்சியம் என்று சொல்லுவோமா?

இதைக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைச் செய்தார்கள். புதிதாகக் கட்டிய மையங்களில் பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை வந்தது. தன்னார்வலர்களில் பெண்களைச் சேர்த்தார்கள். இன்றைக்கு அந்தத் திட்டத்தில் 76,000 தன்னார்வலர்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். நிறைய மையங்கள் மற்ற நாளில் பள்ளிக்கூடமாக ஓடுகின்றன. பிள்ளைகள் தினமும் போய்வருகிற இடம். அதனால் புயல் அன்றைக்கு அது பயமான இடமாகவோ தெரியாத இடமாகவோ இருக்காது.

2007ல் சிட்ர் புயல், இறந்தவர்கள் சுமார் 3,400. 2020ல் ஆம்பன். கொரோனா நடுவில், 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களை இடம் மாற்றினார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் முப்பது பேர் அளவில். ஒவ்வொரு புயலும் ஒரே வலு கிடையாது, கரையைக் கடக்கிற இடமும் வேறு, அதனால் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லைதான். ஆனால் லட்சக்கணக்கில் இருந்தது பத்துக்கணக்கில் வந்து நிற்பதைப் புயலின் தயவு என்று சொல்ல முடியாது.

ஒடிசா கதையும் கிட்டத்தட்ட இதுதான், அதனால் வேகமாகச் சொல்லிடறேன். 1999 அக்டோபர் 29, பெரும் புயல், அரசுக் கணக்குப்படியே கிட்டத்தட்ட 10,000 சாவு. அதே வருஷம் அந்த மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி ஆணையம் அமைத்தது. நாடு முழுமைக்குமான சட்டம் வந்ததே 2005லதான், அதற்கு ஆறு வருஷம் முன்னாடி. 2013ல் பாய்லின் வந்தபோது இறந்தவர்கள் ஐம்பதுக்கும் கீழே. 2019 மே 3ல் ஃபனி வருவதற்குள் சுமார் 12 லட்சம் பேரை நகர்த்தினார்கள். 26 லட்சம் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், பேப்பரில் எல்லாரும் அதைத்தான் எழுதினார்கள். என் கண்ணில் பட்டது அந்தச் செய்தியில் இருந்த இன்னொரு எண்: 43,000 தன்னார்வலர்கள். மெசேஜ் வந்தப்புறம் கதவைத் தட்டி, "பாட்டி, வாங்க போகலாம்" என்று கையைப் பிடித்த ஆட்கள்.

இப்போ நம்ம கடற்கரை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். 2004 டிசம்பர் 26 காலை. இந்தியப் பெருங்கடலில் அன்றைக்குச் சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தண்ணீர் ஏற்கெனவே ஒரு மாதிரி நடந்துகொள்கிறது என்று வீட்டில் சொல்ல, "உடனே எல்லாரும் ஓடுங்க" என்றார். அந்த ஊரில் ஒரு அறிவு மையம் இருந்தது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. அதில் ஒரு ஒலிபெருக்கி. தகவல் உள்ளே போனதும் அந்த மைக்கில் ஊருக்கே அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான மக்கள் வெளியேறினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, உயிர் போகவில்லை.

இந்தக் கதையைப் பெரும்பாலும் அந்தப் போன் காலோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒலிபெருக்கி முக்கியம். அந்தப் பகுதி அறிவு மையங்களில் ஒலிபெருக்கி இருந்தது சுனாமிக்காக இல்லை. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று தினமும் மீனவர்களுக்குச் சொல்வதற்காக. தினமும் கேட்டுப் பழகிய குரல், தினமும் சரியாகச் சொன்ன குரல். அதனால்தான் அன்றைக்கு "ஓடுங்க" என்றதும் ஓடினார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஒலிக்கிற சைரனாக இருந்திருந்தால், "என்னப்பா சத்தம்" என்று வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்திருப்பார்கள்.

செய்தி போய்ச் சேரவே வழியில்லாத கதையும் நம்மிடம் இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையிலிருந்து எத்தனையோ கடல் மைல் தள்ளி இருந்தார்கள். செல்போன் எடுக்காது, படகில் இருக்கிற வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. தமிழ்நாடும் கேரளமும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. கரையில் உட்கார்ந்து நமக்குப் போனில் வந்ததை வைத்து, "எல்லாருக்கும்தான் தெரியுது" என்று சொல்லிவிட முடியாது.

சரி, பெருங்குடி தங்கச்சி, உங்க ஊருக்கு வந்துட்டேன்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள் என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. ஏன் திறந்தார்கள், முன்னாடியே திறந்திருக்கணுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் வேறொன்று கேட்கிறேன். 29,000 கன அடி என்றால் எவ்வளவு?

ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அப்படியென்றால் ஒரு நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். நம்ம தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரி இருக்கிறதே, அதில் 68 லாரி. ஒரு நிமிஷத்துக்கு இல்லை, ஒரு நொடிக்கு. இப்படிச் சொன்னால்கூட ஜாபர்கான்பேட்டையில் இருக்கிறவருக்கு, "என் வீட்டுக்குள்ள எவ்வளவு உயரம் வரும், எத்தனை மணிக்கு வரும்" என்பது தெரியாது. 1970ல் ரேடியோவில் வந்த எச்சரிக்கை எண்ணுக்கும் 2015ல் டிவியில் ஓடிய கன அடிக்கும் வித்தியாசம் ரொம்ப இல்லை. "இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்குள்ள உங்க தெருவுல தரைத்தளம் மூழ்கும், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க" என்பதுதான் எச்சரிக்கை. மற்றதெல்லாம் தகவல்.

அந்தப் 'பேர்' எங்கே ஒட்டுகிறது என்று ஆரம்பத்தில் கேட்டேனே, சென்னையில் அதைத் தெருப் பெயரிலேயே பார்க்கலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக் எங்கே? தி. நகர் உருவான காலத்தில் அங்கே இருந்த நீளமான ஏரியைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். அதாவது இது ஐடி கம்பெனி வந்தப்புறம் ஆரம்பித்த பழக்கம் இல்லை, நூறு வருஷப் பழக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மட்டும் என்ன, ஒரு காலத்தில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக் கடலுக்கு மெதுவாக அனுப்பிக்கொண்டிருந்த இடம் அது. 2022ல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, சந்தோஷம். அந்தச் சதுப்பிலேயே மாநகராட்சிக் குப்பைக் கிடங்கும் இருக்கிறது, சாலையும் இருக்கிறது, நம்மில் பல பேர் வேலை செய்கிற கண்ணாடிக் கட்டடங்களும் இருக்கின்றன.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. 2015க்கு அப்புறம், வெள்ள அபாயத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அடையாற்றங்கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பியிருந்தார்கள். இந்த இடங்கள் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதற்குத் தண்ணீர் வந்துபோகிற தாழ்வான நிலத்தையும் ஒட்டி. செம்மஞ்சேரியில் மழைக்காலம் வந்தால் தரைத்தள வீடுகளில் தண்ணீர் நிற்பது வழக்கமாகிவிட்டது. சைதாப்பேட்டையில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா இப்போ ரெண்டு பஸ் மாறிப் போகணும், அல்லது வேலையை விடணும். ஆத்தோரம் இருந்தப்போ பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளம். இப்போ வருஷா வருஷம் தண்ணீர், கூடவே வருமானமும் போச்சு, அவசரத்துக்குக் கை கொடுக்கிற பழைய அக்கம்பக்கமும் போச்சு. இதற்குப் பேர் இடர் குறைப்பு என்றால் எனக்குப் புரியவில்லை. அதே ஆற்றோரமும் அதே சதுப்பும் ஆக்கிரமித்த பெரிய கட்டடங்களை யாரும் லாரியில் ஏற்றி அனுப்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

"சரி அக்கா, நாங்க என்ன செய்ய முடியும், ஏரியைத் திரும்ப வெட்ட முடியுமா" என்று கேட்பீர்கள். ஏரி விஷயத்தில் கேள்வி கேட்கலாம், கவுன்சிலரிடம் போகலாம், வார்டு கூட்டத்துக்குப் போகலாம், அதெல்லாம் செய்யணும். ஆனால் இந்த டிசம்பருக்குள்ளே முடிகிற வேலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்றேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தப்போ நான் இருக்கிற அடுக்குமாடியில் நடந்தது இது. 48 வீடு. வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி முழுக்க மெசேஜ்: அந்த ஏரி உடைஞ்சிடுச்சு, இந்த ஏரி உடைஞ்சிடுச்சு, முதலை வந்துடுச்சு. காலையில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் செத்துவிட்டது. வாட்ச்மேன் குடும்பம் கார் பார்க்கிங் ஓரத்தில் ஒரு சின்ன ரூமில் இருக்கிறது, ரெண்டு குழந்தைகள். 48 வீட்டுக் குரூப்பில் அவர் மட்டும் கிடையாது. ரெண்டாவது மாடியில் இருக்கிற ரிட்டயர்டு சார் ஒருத்தர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்தப்போ ரூமுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நாலு பேரையும் மேலே கூட்டி வந்து அவர் வீட்டில் மூணு நாள் வைத்திருந்தார்.

தண்ணீர் வடிந்தப்புறம் அந்த சார் ஒரு நோட்டு போட்டார். நோட்டுதான், ஆப் எல்லாம் இல்லை. எந்த வீட்டில் தனியாக வயசானவர்கள் இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கணும், யாருக்கு ஆக்சிஜன் மெஷின் கரண்டில் ஓடுகிறது, யாரால் படி இறங்க முடியாது. ஒவ்வொரு பேருக்கும் எதிரே, அதே மாடியில் இருக்கிற ஒருத்தர் பேர். கரண்ட் போனால் அவர் போய்க் கதவைத் தட்டணும். வாட்ச்மேன் குடும்பத்துக்கு, மஞ்சள் அலர்ட் வந்த உடனே மொட்டைமாடி ரூமுக்கு மாறிக்கொள்ளச் சாவி கொடுத்தாச்சு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. மெயின் சுவிட்சை யார் அணைப்பது என்றுகூட அதில் இருக்கிறது. மொத்தமே நாலு பக்கம்.

வங்கதேசத்து மெகாபோன் ஆள் செய்வதும் இதைத்தான். யார் கிளம்ப முடியாது, ஏன் முடியாது, அந்தக் காரணத்துக்கு முன்கூட்டியே ஒரு வழி. அங்கே மாட்டுக்கு மண் மேடு, இங்கே மொட்டைமாடி ரூம் சாவி.

கூடவே போனில் சில விஷயங்கள். மாநகராட்சி உதவி எண் 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டத்துக்கு 1077. இதைப் பேப்பரில் எழுதி கதவுக்குப் பின்னாடி ஒட்டிடுங்க, போன் செத்தால் பக்கத்து வீட்டுப் போனில் பேசணும் இல்லையா. டிஎன் அலர்ட் என்று அரசு ஆப் இருக்கிறது, தமிழிலேயே எச்சரிக்கை வரும். உங்கள் வார்டுக்கு நிவாரண மையம் எந்தப் பள்ளிக்கூடம், எந்த மண்டபம் என்று இப்போதே கேட்டு வையுங்க. ஒரு வெயில் நாளில் அங்கே நடந்தே போய்ப் பாருங்க. நடுவில் சுரங்கப்பாதை வருதா, கழிப்பறை இருக்கா, வீல்சேர் ஏறுமா. அங்கே போகிற வழிதான் முதலில் மூழ்கும் என்றால், அது மழைக்கு முன்னாடியே தெரிவது நல்லது.

அடுத்த வாரம் கஜா பற்றிப் பேசலாம். 2018ல் புயலுக்கு முன்பு ஆட்களை நகர்த்தியதில் நிறைய உயிர் பிழைத்தது, ஆனால் டெல்டாவில் தென்னை ஏராளமாகச் சாய்ந்தது. புதுக் கன்று காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். உயிர் தப்பியவர்கள் அந்த வருஷங்களை எப்படி ஓட்டினார்கள் என்பதுதான் கதை.

அதற்குள் உங்களிடம் ஒரு உதவி. 2015லோ 2023லோ உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்குச் சுவரில் இன்னும் கறை இருக்கலாம். இருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன்னாடி, பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து போட்டோ எடுத்து, தெருப் பெயரோடு நமக்கு அனுப்புங்க.